திரும்பிய நேரம்

பத்து மணிக்குத் திரும்பிவிடுவேன் என்று சொல்லிப் போன என் கணவர் டெல்மர் பன்னிரண்டரை ஆகியும் வரவில்லை.

போன வருடம்தான் அவருடைய இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். இந்தப் பயணமே வேண்டாம் என்று எங்கள் மகள் கெஞ்சினாள். "நார்த் டகோட்டாவுல உக்காந்து பனியைப் பாத்துக்கிட்டே சாகச் சொல்றியா?" என்று கேட்டுவிட்டு, படுக்கை, அடுப்பெல்லாம் உள்ள எங்கள் கேம்ப்பர் வண்டியின் டயருக்குக் காற்றடிக்கப் போய்விட்டார். ஆறு வாரமாக அரிசோனாவில் பூங்கா பூங்காவாகச் சுற்றிக்கொண்டிருந்தோம். அன்று காலை ஏழு மணிக்கு, பாறைக் குடைவுக்குள் கட்டிய பழங்கால வீடுகளைப் பார்க்க ஒரே ஒரு தண்ணீர் பாட்டிலோடு கிளம்பினார். போக இரண்டு மைல், வர இரண்டு மைல். என் முழங்கால் அதற்குத் தாங்காது.

கேம்ப்பருக்குள் வெயில் ஏறியது. ஜெபம் செய்ய உட்கார்ந்தேன். வாய் ஜெபித்தது, காது மட்டும் வெளியே சரளைக் கல்லில் காலடி கேட்கிறதா என்று காத்திருந்தது. ஆண்டவர் தப்பாக நினைக்க மாட்டார் என்று எழுந்துவிட்டேன்.

பக்கத்தில் கேம்ப்பர் நிறுத்தியிருந்த கஸ், மடக்கு நாற்காலியிலிருந்து குரல் கொடுத்தார். "பயப்படாத வெர்னா. உன் ஆளு யாரையாவது பிடிச்சு வெச்சு அறுத்துக்கிட்டிருப்பான். அந்தப் பாவிக்காக வேணா ஜெபம் பண்ணு."

சிரிக்க வரவில்லை. கைத்தடியை எடுத்துக்கொண்டு பாதை தொடங்கும் இடத்துக்கு நடந்தேன்.

அங்கே தகரப் பெட்டிக்குள் ஒரு நோட்டும் பென்சிலும் இருக்கும். போகிறவர்கள் பெயரையும் கிளம்பிய நேரத்தையும் எழுத வேண்டும்; வந்ததும் திரும்பிய நேரத்தை எழுத வேண்டும். விரலை ஓட்டிப் பார்த்தேன். டெல்மர் ஹாகஸ்டாட். ஒருவர். கிளம்பியது 7:10. திரும்பியது 10:00.

நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. மறு நொடியே இரண்டு மடங்காக ஏறியது. திரும்பிவிட்டார் என்றால், எங்கே?

அந்த நேரம் பூங்காவைக் காவல் காக்கும் ரேஞ்சரின் வண்டி வந்தது. கைத்தடியைத் தூக்கி ஆட்டினேன். இறங்கியவள் ஆர்வினா, முப்பது வயதுள்ள, அந்தப் பகுதியின் ஹோப்பிப் பழங்குடிப் பெண். நோட்டைப் பார்த்தாள்.

"திரும்பிட்டாரேம்மா. அப்ப பாதையில இல்ல. வெயில்ல தலை சுத்தி ரோட்டுப் பக்கம் போயிருப்பாரு. இன்னைக்கு நாங்க ரெண்டே பேரு. ரெண்டு பேருமே ரோட்டுலதான் தேடணும்."

சரி என்றேன். கண் மட்டும் நோட்டை விட்டு வரவில்லை. காலையில் பென்சில் கூராக இருந்திருக்கிறது. போகப் போக மழுங்கி, ஒன்பதரைக்கு மேல் எழுதிய எண்களெல்லாம் தடித்திருந்தன. டெல்மரின் 10:00 மட்டும் ஊசிபோல மெலிந்திருந்தது.

"கொஞ்சம் நில்லும்மா. இவர் இன்னும் திரும்பல. போகும்போதே ரெண்டு நேரத்தையும் எழுதிட்டாரு."

"அப்படி யாராவது எழுதுவாங்களா?"

"வேற யாரும் எழுத மாட்டாங்க. என் புருஷன் எழுதுவாரு. முப்பத்தெட்டு வருஷம் தானியக் கிடங்குல எடை போட்டு ரசீது எழுதின மனுஷன். ஒரு கட்டம் காலியா இருந்தா அவருக்குத் தாங்காது. ஆஸ்பத்திரி ஃபாரத்துல 'கர்ப்பமா?'ன்னு கேட்டதுக்குக்கூட 'இல்லை'ன்னு எழுதினவரு."

ஆர்வினா சிரிக்கவில்லை. எண்களின் மேல் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். "தப்பா இருந்தா? அவர் ரோட்டுல விழுந்து கிடந்தா?"

"தப்பா இருந்தா அந்தப் பழி என்னோடது."

நோட்டைப் பெட்டிக்குள் வைத்தாள். "அவரைப் பத்தி உங்களைவிட எனக்கா தெரியும்?" என்றாள். கூட இருந்தவரை மட்டும் ரோட்டைப் பார்க்கச் சொல்லிவிட்டு, என்னைத் தன் வண்டியில் ஏசியில் உட்கார வைத்தாள். வாக்கி டாக்கி ஒன்றை என் மடியில் போட்டுவிட்டு, தண்ணீரும் மருந்துப் பையுமாகப் பாதையில் இறங்கி ஓடினாள்.

அவள் போன பிறகுதான் பயம் முழுதாக வந்தது. பென்சில் முனையை நம்பி ஒருத்தியை வேறு திசையில் அனுப்பிவிட்டேனே. அந்தப் பூஜ்யங்கள் உண்மையிலேயே மெலிந்துதான் இருந்தனவா? இறங்கிப் போய் இன்னொரு முறை பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஒரு மணி ஆனது. இரண்டு ஆனது. வாக்கி டாக்கி இரைந்துகொண்டு மட்டும் இருந்தது.

"வெர்னாம்மா, கேக்குதா? ஆள் கிடைச்சுட்டாரு. கணுக்கால் வீங்கியிருக்கு. களைச்சுப் போயிருக்காரு. வாய் மட்டும் நல்லாயிருக்கு."

பதில் சொல்ல எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியவில்லை. வெறும் பெட்டியிடம் "நன்றி, நன்றி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான்கு மணிக்கு இரண்டு பேர் தோளில் தொங்கியபடி வந்து சேர்ந்தார். ஒரு பக்கம் ஆர்வினா. மறுபக்கம் முன்பின் தெரியாத ஒரு இளைஞன். அவனுடைய சட்டை ஈரமாக டெல்மர் தலையில் இருந்தது. அவன் தோள்கள் வெந்து சிவந்திருந்தன. இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையில் ஒரு பழுப்பு நாய்.

"வெர்னா, கோபமா?" என்றார் டெல்மர்.

"ஆமா."

"எவ்வளவு நேரத்துக்கு?"

"அதையும் நீயே இப்பவே எழுதி வெச்சுடு."

வறண்ட ஓடையில் வழி தவறி, பாறையில் கால் பிசகி விழுந்திருக்கிறார். நாய்தான் மோப்பம் பிடித்து அந்த இளைஞனை அவரிடம் இழுத்துப் போயிருக்கிறது. "ஓடிவந்து சொல்லியிருக்கலாம். ஆனா விட்டா கண்ணை மூடிடுறாரு," என்றான் அவன். "அதான் பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருந்தேன். உங்க பேரப்பிள்ளைங்க பேரெல்லாம் இப்ப எனக்கு மனப்பாடம்." தன் தண்ணீர் முழுவதையும் அவருக்கே கொடுத்திருக்கிறான்.

பிறகு ஆர்வினா பக்கம் திரும்பி, தலையைக் குனிந்துகொண்டான். "நாய்க்கு அனுமதி இல்லன்னு போர்டு பாத்தேன். வண்டியில விட்டா செத்துடும்னு கூட்டிட்டுப் போயிட்டேன். மாட்டிக்குவோம்னு நோட்டுல பேரும் எழுதல."

அபராதப் புத்தகம் அவள் சட்டைப் பையில் இருந்தது. "அந்தப் பாறைக் குடைவு எங்க முன்னோருங்க வீடு," என்றாள். "நாயோட வர்றவங்ககிட்ட நான் சண்டையே போடுவேன். வீடு வரைக்கும் போச்சா?"

"இல்ல. பாதி வழியிலயே இவர்கிட்ட போயிடுச்சு."

"அப்ப சரி." தொப்பியைக் கழற்றித் தண்ணீர் ஊற்றி நாயின் முன்னால் வைத்தாள்.

இதயத்தையும் பார்த்துவிட வேண்டும் என்று ஆம்புலன்ஸ் வரவழைத்தார்கள். ஆஸ்பத்திரி எழுபது மைல். நானும் அதில் ஏறியாக வேண்டும். கேம்ப்பரை என்ன செய்வது என்று விழித்தேன்.

"நான் பின்னாலயே ஓட்டிட்டு வரேன்," என்றான் அந்த இளைஞன். "என் வண்டி இங்கயே கிடக்கட்டும்."

எங்களுடையது எல்லாமே அந்தக் கேம்ப்பரில்தான் இருந்தது. அவன் பெயர்கூட இன்னும் எனக்குத் தெரியாது. சாவியை அவன் கையில் வைத்தேன்.

"மூணாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், தம்பி," என்றேன். "மெதுவா வா."