கருவாட்டுத் தண்ணி

கோதுமை மாவை முட்டை விட்டுப் பிசைந்து, தகடாகத் தேய்த்து, சாலம்மாள் கயிறு கயிறாக நறுக்கிக்கொண்டிருந்தாள். அவசரத்தில் ஒன்று தடியாகவும் ஒன்று நூலாகவும் விழுந்தது. உள்ளே பாயில் அவள் புருஷன் சென்றாயனுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. சாகப்போகிற மனுஷன் கேட்டதைக் கொடுக்காமல் அனுப்பலாமா? அவன் கேட்டது பாலும் இல்லை, பாயசமும் இல்லை. சண்டைக் காலத்தில் பெங்களூர் முகாமில் அடைபட்டிருந்த இத்தாலிக் கைதிகளுக்குச் சமைத்தானே, அவர்களிடம் கற்ற இந்த மாவுக் கயிறு, தக்காளிச் சாற்றோடு.

அந்தச் சமையல்தான் அண்ணன் தம்பியைப் பிரித்தது. தம்பி மாயவன் பட்டாளத்தில் சேர்ந்து, சிங்கப்பூரில் ஜப்பான்காரனிடம் பிடிபட்டு, போன வருஷம் எலும்பும் தோலுமாகத் திரும்பினான்.

"நான் அங்க செத்துப் பொழைச்சு வர்றேன். நீ எதிரிக்கு ஆக்கிக் கொட்டிகிட்டு இருந்தியா? இனிமே உன் வூட்டுப் படி மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனவன்தான்.

பிள்ளை இல்லாத வீடு. கொள்ளி வைக்க மாயவனை விட்டால் ஆள் கிடையாது. சொல்லியனுப்பியதில் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து விடிந்ததும் வந்துவிட்டான். வந்து என்ன புண்ணியம்? வேப்பமரத்தடியிலேயே நின்றான். இந்த நேரத்திலும் இப்படி ஒரு வீம்பா என்று சாலம்மாளுக்கு வயிறு எரிந்தது.

பாதி மாவை வேகவைத்து, தக்காளிச் சாற்றில் பிரட்டி, ஒரு வாய் ஊட்டினாள். புளிப்பு தொண்டையில் பட்டதும் சென்றாயன் இருமித் துடித்தான். எல்லாம் வெளியே வந்துவிட்டது.

"ஐயோ, எறங்கலையே" என்று அவள் வாய்விட்டு அழுதாள்.

வாசலில் நிழல் விழுந்தது. மிதிக்க மாட்டேன் என்ற படிமேல் மாயவன் நின்றான்.

"தக்காளி வேணாம் அண்ணி. கருவாடு இருக்குதுங்களா?"

அவள் உறியைக் காட்டினாள். அவன் காய்ந்த கருவாட்டைக் கத்தியால் சுருள் சுருளாகச் சீவி, இறக்கிய வெந்நீரில் போட்டு மூடினான். கொதிக்க விடவில்லை. சற்றுப் பொறுத்துத் துணியில் வடித்தான். மீதி மாவுக் கயிற்றை வேகவைத்து அந்தத் தெளிந்த தண்ணீரில் போட்டான். பிறகு விறகிலிருந்து இரண்டு குச்சிகளை ஒடித்து, ஒரே கையில் பிடித்து, ஓர் இழையை அலுங்காமல் தூக்கினான். நேற்றுப் பழகிய கை இல்லை அது.

இழை இறங்கியது. இன்னொன்றும் இறங்கியது. சென்றாயன் கண் திறந்து அந்தக் குச்சிகளைப் பார்த்தான். பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்தான்.

"நீயும்... ஆக்கிப் போட்டியாடா?"

"ஆமாண்ணா. ஜப்பான்காரனுக்குக் கடைசி வரைக்கும் ஆக்கிப் போட்டேன். அதனாலதான் உசுரோட வந்தேன். சொல்ல வெக்கமா இருந்துச்சு."

சென்றாயன் கையைத் தூக்கி அவன் மணிக்கட்டில் வைத்தான். உச்சிப்பொழுதில் மூச்சு அடங்கியது.

வெளிச்சம் இருக்கும்போதே மாயவன் கொள்ளி வைத்துவிட்டு வந்து, கால் கழுவி உள்ளே உட்கார்ந்தான். சாவு வீட்டில் ஆக்கியது இருக்கக் கூடாது என்று துக்கத்துக்கு வந்த பெண்கள் இரண்டு சட்டிகளையும் கொட்ட எடுத்தார்கள். சாலம்மாள் அவற்றை வாங்கி, தக்காளிச் சாற்றையும் கருவாட்டுத் தண்ணியையும் மாவுக் கயிற்றோடு ஒரே தட்டில் ஊற்றி அவன் முன்னால் வைத்தாள்.

அவன் குச்சிகளைத் தேடவில்லை. கையால் அள்ளித் தின்றான். அவள் தண்ணீர்ச் செம்பை அவன் பக்கம் நகர்த்தினாள்.