அண்ணியின் சிரிப்புக்கு வேறொரு குரல்

எங்கள் ஊர் சினிமாக் கொட்டகை முதலாளிக்கு ஊர் வைத்த பெயர் 'ஹவுஸ்ஃபுல்'. ஒருநாளும் ஆகாததால் வைத்தது. நான் அங்கே படம் ஓட்டும் ஆபரேட்டர். முதலாளி எனக்கு அண்ணன் மாதிரி; டிக்கெட் கொடுக்கும் அவர் மனைவி எனக்கு அண்ணி. அண்ணி சிரித்தால் கூரைப் புறாக்கள் பக்கத்து ஊருக்குக் குடிபோய்விடும். ஒருமுறை ரயில் கார்டின் விசில் என்று நினைத்து, மூட்டை இறக்கிக்கொண்டிருந்த சரக்கு ரயிலே கிளம்பிவிட்டது. நம்பாதவர்கள் மூட்டைகளைக் கேட்டுக்கொள்ளலாம்.

நொடித்துப்போன கொட்டகையைப் பற்றிச் சிரிப்புப் படம் எடுக்க ஒரு கம்பெனி வந்தது. "இதவிட நொடிச்சது எங்கயும் கெடைக்கல சார்," என்றார் டைரக்டர், பாராட்டாக. கடைசிக் காட்சியில் கொட்டகை பிழைத்துக்கொள்ளும். நிறைந்த கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்க வேண்டும். ஊரே வந்து உட்கார்ந்தது. சும்மா சிரி என்றால் யாருக்கு வரும்? பல் டாக்டரிடம் காட்டுவதுபோல வாயைத் திறந்தார்கள். அதைப் பார்த்து அண்ணி சிரித்துவிட்டார். அப்புறம் ஊரை நிறுத்த முடியவில்லை.

படம் வெளிவருவதற்குள் அண்ணி காய்ச்சலில் போய்விட்டார். அண்ணன் அழவில்லை. "படம் வரட்டும்டா. அவ சிரிப்பு அதுல இருக்கு," என்பார். சாப்பிடக் கூப்பிட்டாலும் அதே பதில்தான்.

படம் வந்தது. அன்று நிஜமாகவே கொட்டகை நிறைந்தது. கடைசி ரீலில் அண்ணி தலையைப் பின்னால் சாய்த்து வாயைத் திறந்தார். கண்ணாடி வளையல் குலுங்கினாற்போல ஒரு சிரிப்பு வந்தது. பட்டணத்தில் யாரோ ஒரு பெண் மைக் முன்னால் சிரித்ததை ஒட்டியிருக்கிறார்கள். எல்லாப் படத்துக்கும் அப்படித்தானாம்.

அண்ணன் எழுந்தார். "இது அவ இல்லடா! சத்தத்த நிறுத்து!"

நிறுத்தினேன். திரையில் ஊர் சிரித்தது. கீழே அதே ஊர் மூச்சுவிடவில்லை. சோடாக்காரர் எழுந்து, "அண்ணி இப்படித்தானேண்ணே சிரிக்கும்?" என்று சிரித்துக் காட்டினார்.

"போய்யா, கழுத கனைக்கிற மாதிரி இருக்கு," என்று தையற்காரர் மனைவி தானும் முயன்றாள். அதுவும் சேரவில்லை.

"போதும்மா, உக்காரு," என்றார் அண்ணன்.

படியேறி என் அறைக்கு வந்தார். "காதுலயேதான்டா இருந்துச்சு. அந்தப் பொண்ணு சிரிச்சதும் போயிடுச்சு. நீதான் நாளெல்லாம் கேட்டவன். எப்படிடா இருக்கும்?"

கண்ணை மூடிக் கேட்டுப் பார்த்தேன். எனக்குள்ளும் பட்டணத்துப் பெண்தான் சிரித்தாள்.

"மறுபடி போடட்டுமாண்ணே? சத்தமில்லாம?"

தலையாட்டினார். ரீலைத் திருப்பிச் சுற்றினேன்.