வெறும் வயிற்றில்

சோப்பு நுரை தடவித் திருகியும் மோதிரம் அக்காவின் விரலைவிட்டு வரவில்லை. விரல்கள் அவ்வளவு உப்பியிருந்தன.

"விடும்மா, அவளோடவே போகட்டும்" என்றார் அக்காவின் கணவரான மாமா.

தங்கை கையை உதறிக்கொண்டு எழுந்தாள். காலையிலிருந்து அவளுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. சமையலறைக்குப் போனாள். எதற்கு வந்தோம் என்று மறந்து வாசலுக்கு வந்தாள்.

அக்கா பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் சொன்னவள். அந்தக் குரலைக் கேட்டு ஓடிவந்து பஸ்ஸைப் பிடித்தவர்கள்தான் துக்கத்துக்கு வந்து கூடத்தில் இருந்தவர்களில் பாதிப்பேர். இரண்டு வருடங்களாக அந்தக் குரல் தடித்துக்கொண்டே வந்தது. பார்சல் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். உடம்பு ஊதியது, முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது, உட்கார்ந்த இடத்திலேயே தூங்கினாள். ஒரு டாக்டர் இரத்தசோகை என்று டானிக் கொடுத்தார். இன்னொருவர் மனச்சோர்வு என்றார். வேறொருவர் வாயைக் கட்டச் சொன்னார். வீட்டில் கும்பகர்ணி என்று பட்டம் கட்டினார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

சளிக்காய்ச்சலில் நினைவு தப்பி, உடம்பு சில்லிட்டவளைத் தூக்கிக்கொண்டு ஓடியபோதுதான் அவசரப் பிரிவு டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"தைராய்டு சுத்தமா வேலை செய்யல. இதுக்கு முன்னாடி ரத்தம் எடுத்துப் பாக்கவே இல்லையா?"

மருந்து ஏற்றினார்கள். உடம்பு அதற்குக் காத்திருக்கவில்லை.

"ஒருத்தராவது அந்த டெஸ்ட்டை எழுதிக் குடுக்கலையே" என்று வருகிறவர்களிடமெல்லாம் மாமா சொல்லிக்கொண்டிருந்தார்.

வெயில் கொளுத்தியது. வந்தவர்கள் கிடைத்ததை எடுத்து விசிறிக்கொண்டிருக்க, அக்கா மகள் மட்டும் மூலையில் ஸ்வெட்டரை இழுத்து மூடி உட்கார்ந்திருந்தாள். தங்கையின் கால்கள் அங்கே நின்றன.

"குளிருதாடி?"

"கொஞ்ச நாளாவே இப்படித்தான் சித்தி. அழணும்னு இருக்கு, ஆனா தூக்கம்தான் வருது."

குரல் கரகரத்தது. அழுத குரல் அல்ல அது.

மறுநாள் காலை தங்கை செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "கிளம்புடி."

"நேத்துதானே அவளைத் தூக்கிட்டுப் போனோம். இன்னிக்கேவா? ஊர் என்ன சொல்லும்?" என்றார் மாமா.

"ஊரு அக்காவைச் சோம்பேறின்னு சொல்லிச்சு, மாமா."

அவர் வழிவிட்டார்.

இரத்தப் பரிசோதனை நிலையத்தில் இருந்த பெண் கையை நீட்டினாள். "டாக்டர் சீட்டு?"

"சீட்டு இல்லம்மா. தைராய்டுக்குப் பாருங்க."

"யாரு அனுப்பினாங்க?"

தங்கை அக்கா மகளின் ஸ்வெட்டர் கையை மேலே சுருட்டினாள்.

"எங்க அக்கா" என்றாள்.

சந்தேகம் சரியாகவே இருந்தது. முடிவைப் பார்த்த டாக்டர், "நல்லவேளை, இப்பவே வந்தீங்க" என்றார். தினமும் எழுந்ததும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை, நிறுத்தக் கூடாது, கொஞ்ச நாள் கழித்து மறுபடி இரத்தம் பார்த்து அளவைச் சரிசெய்யலாம்.

முதல் மாத்திரையை அக்கா மகள் தண்ணீரோடு விழுங்கினாள். மாமா பழக்கமில்லாத கையால் தேநீர் போட்டு இரண்டு கோப்பைகளில் கொண்டுவந்தார்.

"அரை மணி நேரம் எதுவும் குடிக்கக் கூடாது மாமா."

"உனக்கென்ன, நீ குடிம்மா. ஆறிடும்."

"ஆறட்டும்."

தங்கை அக்கா மகளருகில் தரையில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. கோப்பைகளின் மேல் மெல்ல ஆடை படிந்தது.