பூஜ்ஜிய நாற்காலி

"இரும்மா, இரு. அதுல ஒக்காராத."

ஜெனிஃபாவின் முழங்கால் பாதி மடங்கியிருந்தது. சோபாவுக்கும் அவளுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. மடங்கியதை நிமிர்த்துவதா, மிச்சத்தையும் மடக்கிவிடுவதா என்று அவள் முடிவு செய்வதற்குள் தனகோடி அம்மாள் பால்கனிக்குப் போய் நீலப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். மூட்டுவலிக்கு ஊரிலுள்ள எல்லா எண்ணெயும் தடவிப் பார்த்த அம்மாள், வேறு எந்தக் காரியத்துக்கும் அவ்வளவு வேகமாக நடந்து யாரும் பார்த்ததில்லை.

"துணி சோபா பாரு. தோல் வாசனை புடிச்சிக்கிச்சுன்னா போவாது. தப்பா எடுத்துக்காத கண்ணு."

ஜெனிஃபா தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சரியாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

அதே சோபாவில், ஆபீசில் அவளோடு வேலை பார்க்கும் இளம்பரிதி சாய்ந்து உட்கார்ந்திருந்தான். காலையில் அவன் பேரணாம்பட்டில் தோல் பதனிடும் டேனரி ஒன்றின் சுண்ணாம்புத் தொட்டி ஓரம் நின்றுவிட்டு நேராக வந்தவன். பேண்ட்டின் மடிப்பில் சுண்ணாம்பு காய்ந்து வெளுத்திருந்தது. சோபா அவனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த, அதே ஆபீசின் ஹுமேராவைப் பற்றியும் சொல்லவில்லை. போன மாதம் ஆம்பூரிலிருந்து வந்த பிரியாணி அண்டாவை அதன்மேல் வைத்துத் திறந்தபோதுகூட அது வாய் திறக்கவில்லை. ஜெனிஃபா வேலைக்குச் சேர்ந்த அன்று தனகோடி அம்மாள், "ஆம்பூர்ல எந்தப் பக்கம்?" என்று கேட்டாள். ரயில் பாதைக்குப் பின்னால், மாதா கோயிலை ஒட்டின தெரு, அப்பா டேனரியில் தோல் உருட்டும் டிரம் ஓட்டியவர் என்று இவள் சொன்னாள். சோபாவுக்கு மூக்கு முளைத்தது அன்றைக்குத்தான்.

காட்பாடி காந்தி நகரில் இருக்கும் அந்த வீட்டின் கீழ்த்தளம்தான் 'நேர்நிறை தொழில்நுட்ப ஆலோசகர்கள்'. தோல் தொழிற்சாலைகளின் கழிவுநீர், கொதிகலன், காற்று, தொழிலாளர் பாதுகாப்பு என்று எது கெட்டிருந்தாலும் அளந்து சொல்வார்கள். மேல்தளம் நிறுவனர் சுந்தரமூர்த்தியின் வீடு. நல்ல ஏசி மேலே இருந்ததால் வெள்ளிக்கிழமைக் கூட்டங்கள் வீட்டு ஹாலில் நடந்தன. அதற்கு அவர் சொல்லும் காரணம் வேறு: "நம்ம கம்பெனி ஒரே குடும்பம்." ஊழியர்கள் எல்லாரும் அவர் மனைவி தனகோடியை அம்மா என்றுதான் கூப்பிட வேண்டும்.

நிறுவனத்தின் விழுமியங்களைச் சட்டம் போட்டு மாடிப்படிச் சுவரில் வரிசையாக மாட்டியிருந்தார். ஏறும்போது முதலில் நேர்மை வரும். திரும்பும் இடத்தில் மனித மரியாதை. அப்புறம் சமத்துவம். கடைசிப் படிக்கு நேரே, எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில், 'அளக்காமல் சொல்லோம்.' அதைத் தாண்டினால் வீடு.

அந்த மனித மரியாதைப் படத்தின்மேல் சாய்ந்துகொண்டுதான் சுந்தரமூர்த்தி அன்று கூட்டம் முடிந்ததும் ஜெனிஃபாவிடம் விஷயத்தைச் சொன்னார்.

ஆம்பூரில் அப்துல் சமத் என்பவரின் டேனரிக்குப் பக்கத்தில் புதிதாகக் குடியிருப்பு வந்திருந்தது. நாற்றம் தாங்கவில்லை என்று குடிவந்தவர்கள் புகார். நாற்றம் எவ்வளவு, எதுவரை போகிறது என்று அளந்து சொல்ல வேண்டும். இதற்கு இயந்திரம் மட்டும் போதாது. பழக்கிய மனித மூக்குகள் வேண்டும். மூடிய பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்துச் சொல்கிற ஒரு குழு. எம்.டெக்.கில் ஜெனிஃபா ஆராய்ச்சி செய்ததே இதைத்தான். அந்தக் கம்பெனியில் வேறு யாருக்கும் இதில் அரிச்சுவடி தெரியாது. குழுத் தலைமை அவளுக்குத்தான் என்று தை மாதத்திலிருந்தே பேச்சு.

"வேல பூரா நீயே பாரும்மா," என்றார் சுந்தரமூர்த்தி. "தலைவர்னு பேரு மட்டும் இளம்பரிதிக்கு இருக்கட்டும். தலைவர்னா வாரா வாரம் மேல வந்து கிளையண்ட்டு பக்கத்துல ஒக்காரணும். அந்த பிளாஸ்டிக் சேர்ல ஒக்காந்தா அவங்க இன்னா நெனப்பாங்க? கம்பெனிக்கு நல்லாவா இருக்கும்?"

அவள் சோபாவில் உட்கார்ந்தால் கம்பெனிக்கு நன்றாக இருக்குமே என்பது அவருக்குத் தோன்றவில்லை. தோன்றினாலும் அதை மேலே போய்ச் சொல்ல வேண்டும்; அவருக்கு மேலே தைரியம் கிடையாது.

ஹுமேரா கொதித்தாள். வேலையை விட்டுவிடச் சொன்னாள். "இன்னாத்துக்குக்கா இந்த பேஜாரு? பெங்களூர்ல உனக்கு வேலயா கெடைக்காது?"

"கெடைக்கும். நான் ஏன் போவணும்? போவ வேண்டியது அந்த சேரு."

அடுத்த வெள்ளிக்கிழமை அப்துல் சமத்தே வந்தார். ஐம்பது வருடத் தோல் வியாபாரத்தில் அவருடைய மூக்கு எப்போதோ ஓய்வு பெற்றுவிட்டது. அதைச் சொல்லிச் சிரிப்பார். மூக்குக் குழு பற்றி ஜெனிஃபா நீல நாற்காலியில் உட்கார்ந்து விளக்கிக்கொண்டிருக்க, காபித் தட்டோடு வந்த தனகோடி அம்மாள் அப்படியே நின்று கேட்டாள். கேட்டதும் பொறுக்கவில்லை.

"இதுக்கு எதுக்குங்க படிப்பு? என் மூக்க கேளுங்க. மாடிப்படி ஏறும்போதே யாரு எந்தத் தெருன்னு சொல்லிடுவேன்."

"அப்பிடியா?" என்றார் அப்துல் சமத், உண்மையான மகிழ்ச்சியோடு. "அப்போ மொத மூக்கு உங்களுதுதாம்மா. ஒரு தபா பாத்துருவோமே."

சுந்தரமூர்த்தி மனைவியைப் பெருமையாகப் பார்த்தார். முப்பது வருடமாக அந்த மூக்கின் கீழ் வாழ்ந்தவர்.

"எப்பிடியும் ஒரு பயிற்சி டெஸ்ட் வெக்கணும் சார்," என்றாள் ஜெனிஃபா. "வெளிய எங்கயும் போவ வேணாம். இந்த ஹால்ல இருக்கற சாமான், வந்து போற ஆளுங்க துணி, இதுங்களயே வெச்சிக்கலாமா?"

"தாராளமா வையி," என்றாள் தனகோடி அம்மாள். "எங்க வீட்டு வாசனை எனக்குத் தெரியாதா?"

வெள்ளைத் துணித் துண்டுகளை ஓர் இரவு முழுக்கப் பொருள்களோடு சேர்த்து மூடி வைத்து, மறுநாள் பாட்டில்களில் அடைத்தார்கள். எண் போட்டது ஹுமேரா. எந்த எண்ணில் எது என்று ஜெனிஃபாவுக்கே தெரியாது. டெஸ்ட் நடத்துகிறவருக்குத் தெரியக்கூடாது என்பது விதி. வேடிக்கை பார்க்க அப்துல் சமத்தும் மறுபடி வந்திருந்தார். மோந்து பார்க்கும் முன் மொட்டைமாடிக் காற்றில் கொஞ்ச நேரம் எல்லாரையும் உட்கார வைத்தாள். மூக்கை வீட்டைவிட்டு வெளியே கூட்டிக்கொண்டு வந்தால்தான் அதற்கு வீடு தெரியும். தலையில் இருந்த மல்லிகையையும் எடுக்கச் சொன்னபோது தனகோடி அம்மாள் முகம் சுளித்தாள். ஆனால் அப்துல் சமத் பார்த்துக்கொண்டிருந்தார், எடுத்தாள்.

முதல் பாட்டிலைத் திறந்ததுமே, "இது பச்சத் தோலு, கொழந்தைக்குக்கூடத் தெரியும்," என்று தள்ளினாள். இரண்டாவதை இரண்டு தடவை மோந்தாள். "இதுல ஒன்னுமே இல்லியே. காலி பாட்டிலு." மூன்றாவதில் அவள் முகம் விரிந்தது.

"இது எங்க வீடு. எங்க சோபா. சாம்பிராணி, துணி சோப்பு, எல்லாம் வருது பாருங்க. சுத்தம்னா இதான் சுத்தம்." பாட்டிலை அப்துல் சமத் பக்கம் நீட்டக்கூடச் செய்தாள்.

நான்காவது பாட்டிலைத் திறந்தவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "ஐயே. நான் சொல்லல? இதான். இந்தப் பொண்ணு துப்பட்டா."

ஹுமேரா எழுந்து நின்றாள். சிரிப்பை அடக்கியதில் குரல் நடுங்கியது. முதலாவது, சமத் பாய் தன் டேனரியிலிருந்து அனுப்பிவைத்த தோல் துண்டு. சரி. மூன்றாவது, ஜெனிஃபா அக்காவின் துப்பட்டா. சாம்பிராணி, சனிக்கிழமைதோறும் அவள் அம்மா ஆரோக்கியமேரி வீட்டுக்குப் போடுவது. நான்காவது, ஹால் சோபா.

சுந்தரமூர்த்தி தன் காலுறைகளைக் குனிந்து பார்த்தார். எத்தனை டேனரி, எத்தனை மத்தியானம்; வந்ததும் வராததுமாக அந்தச் சோபாவில்தான் அவர் விழுந்து தூங்குவார்.

தனகோடி அம்மாள் அவ்வளவு சீக்கிரம் தோற்கிற ரகமில்லை. "பாத்தீங்களா? இவ வந்து வந்து சோபாலயும் ஏறிடுச்சி."

"நான் அதுல ஒக்காந்ததே இல்லீங்களேம்மா," என்றாள் ஜெனிஃபா.

தனகோடி அம்மாள் நான்காவது பாட்டிலின் மூடியைத் தேடி எடுத்து இறுக்கினாள்.

"அப்போ அந்த காலி பாட்டிலு எதுதும்மா?" என்று அப்துல் சமத் கேட்டார்.

"நீல சேருங்க பாய்," என்றாள் ஹுமேரா.

ஜெனிஃபா நிதானமாக விளக்கினாள். எந்த அளவுக்கும் ஒரு பூஜ்ஜியம் வேண்டும். தராசில் எடை வைக்கும் முன் முள் நேராக நிற்கிற மாதிரி. இந்த வீட்டிலேயே எந்த வாசனையும் இல்லாத பொருள் அந்த நாற்காலிதான் என்று அம்மாவின் மூக்கே சொல்லிவிட்டது. "அதனால இனிமே அதுல யாரும் ஒக்காரக் கூடாது சார். பூஜ்ஜியம் கெட்டுச்சுன்னா ரிப்போர்ட்டு மொத்தமும் கெட்டுடும்."

பூஜ்ஜியத்துக்குச் சுத்தமான காற்றே போதும் என்று புத்தகத்தில் இருப்பதை அவள் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை.

சுந்தரமூர்த்தி மறுக்க வாயைத் திறந்தார்; அதற்குள் அப்துல் சமத் முந்திக்கொண்டார். "அளக்காமல் சொல்லோம்," என்று மாடிப்படிப் பக்கம் கைகாட்டினார். "நல்ல கொள்கை சார். அளந்தாச்சு. அப்புறம் இந்த வேலைக்குத் தலைவர் யாரு?"

எல்லாரும் இளம்பரிதியைப் பார்த்தார்கள். இளம்பரிதி பேண்ட் மடிப்பிலிருந்த சுண்ணாம்பைச் சுரண்டினான்.

"எனக்கு ஜலதோஷம் சார்," என்றான். "மூக்கே வேல செய்யல. ஜெனிஃபாதான்."

அது நிஜமான ஜலதோஷமா என்று யாரும் அளக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை ஹால் மூலையில் நீல நாற்காலி கண்ணாடித் தாள் சுற்றி, ஓரங்களை ஒட்டி, கொலு வைத்த மாதிரி நின்றது. 'தர அளவு. தொடாதீர்கள்' என்று நெற்றியில் சீட்டு. சோபாவுக்குப் புது உறை வந்திருந்தது. இரண்டு ஒற்றை இருக்கைகளில் ஒன்றில் அப்துல் சமத்தும் மற்றதில் சுந்தரமூர்த்தியும் உட்கார்ந்தார்கள். இளம்பரிதியும் ஹுமேராவும் ஆளுக்கொரு வேலை சொல்லிக்கொண்டு கீழேயே நின்றுவிட்டார்கள். நீள சோபா காலியாக இருந்தது.

தனகோடி அம்மாளின் கண் பழக்கத்தில் பால்கனிக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியது.

ஜெனிஃபாவின் முழங்கால் மடங்கியது. இந்த முறை முழுசாக. சோபா லேசாக முனகிவிட்டு அவளை வாங்கிக்கொண்டது. அவள் பையைத் திறந்து வேலையைத் தொடங்கினாள்.

காபி கொடுத்து முடித்த தனகோடி அம்மாளுக்குக் கிளையண்ட்டு முன்னால் உள்ளே போகவும் மனமில்லை. தட்டை மார்போடு அணைத்தபடி சுவரோரம் நின்றாள். முதலில் வலது காலில் நின்றாள், பிறகு இடது காலில். டேனரி பேச்சு நீண்டுகொண்டே போனது.

ஜெனிஃபா தலை நிமிர்ந்து, சோபாவில் இன்னும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

"ஒக்காருங்கம்மா. எடம் இருக்குது."

"பரவால்ல கண்ணு. நான் நின்னுக்கறேன்."

கூட்டம் முடியும்வரை அந்த வீட்டுக்காரி தன் வீட்டிலேயே நின்றுகொண்டிருந்தாள். நடுநடுவே அவள் கண் ஆசையோடு போய்ப் போய் வந்தது, மூலையிலிருந்த அந்த நீல நாற்காலிக்குத்தான்.