ஹெல்பர் தொடக்கூடாது

விடிவதற்குள்ளேயே சலவைக்கூடத்தில் ஆவி கட்டிவிடும். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வந்த விரிப்புகள் துவைத்துப் பிழிந்த பிறகும் கல்லாய்க் கனக்கும். அவற்றை உதறி, விளிம்பை இரு கையாலும் இழுத்துப் பிடித்து, கொதிக்கும் உருளைகளுக்கு நடுவே விட வேண்டும். துவைப்பவள், பிழிபவள், உருளையை ஓட்டுபவள், எல்லாருக்கும் அங்கே ஒரே பேர்தான்: ஹெல்பர். யாருக்கு ஹெல்பர் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. ஹெல்பர் என்றால் கூலி குறைச்சல். அதனால் முதலாளிக்கு அந்த வார்த்தை அத்தனை இனிப்பு.

மூத்தவள் பல வருஷமாக அந்த உருளையை ஓட்டியவள். அவளை ஓரமாக நிறுத்திவிட்டு, நேற்று வேலைக்கு வந்த அவளுடைய ஓரகத்தியைக் காட்டி முதலாளி ஒருநாள் சத்தமாகச் சொன்னார்: "இன்னையிலேருந்து இவதான் ஆபரேட்டர். நீ இவளுக்கு ஹெல்பரா நில்லு."

கூலி ஒரு காசு ஏறவில்லை, வெறும் வாய்வார்த்தைதான். ஆனாலும் மூத்தவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. கொழுந்தன் வேறு, "என் பொண்டாட்டி இப்ப ஆபரேட்டராக்கும்" என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். அன்று அடுப்படியில் பாத்திரங்கள் பட்ட பாடு இருக்கிறதே! அதன்பின் இளையவள் தலைவாரினால்கூட மினுக்குவதாகப் பட்டது. அவள் "அக்கா" என்று கூப்பிட்டால் மூத்தவளுக்குக் காது கேட்பதில்லை.

வேலை வேகமாக நடக்கவில்லை என்று உருளைக்கு முன்னிருந்த தடுப்புக் கம்பியை முதலாளியே கழற்றச் சொல்லியிருந்தார். அன்று காலை ஒரு விரிப்பு மடிந்து சிக்கியது. அதை நீவப்போன இளையவளின் கை விரிப்போடு உள்ளே போய்விட்டது. மூத்தவள்தான் பாய்ந்து சுவிட்சை அணைத்தாள். வெந்து நசுங்கிய கையோடு இளையவளைத் தூக்கிக்கொண்டு இருவர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அவர்கள் வாசலைத் தாண்டுமுன்பே முதலாளி, "சரக்கு நிக்குது, ஓட்டுங்க" என்றார். எல்லா மெஷினும் மறுபடி ஓடின.

"வைத்தியச் செலவுக்கு?" என்று பிழியும் மெஷினில் நின்ற வாயாடி ஒருத்தி கேட்டாள்.

"என்ன செலவு? அவ ஹெல்பர். ஹெல்பர் மெஷினைத் தொடக்கூடாது. தொட்டது அவ தப்பு."

"நீங்கதானே ஆபரேட்டர்னு சொன்னீங்க?"

"யாரு சொன்னா?" என்றவர் மூத்தவளிடம் திரும்பிக் குழைந்தார். "ஏம்மா, அவ உன் ஹெல்பர்தானே? விசாரிக்க வர்றவங்ககிட்ட அதை மட்டும் சொல்லிடு. இனிமே நீதான் ஆபரேட்டர். சம்பளமும் அதுக்கேத்த மாதிரி."

பொய் எதற்கு? இனிக்கத்தான் செய்தது. கொழுந்தன் வாயடைத்து நிற்பதைக்கூட அவள் மனசுக்குள் பார்த்துவிட்டாள். ஆனால் நாளைக்குத் தன் கை உள்ளே போனால்? அந்த நிமிஷமே தானும் ஹெல்பராகிவிடுவோம் என்று அவளுக்கு விளங்கியது.

"அவதான் ஓட்டினா. நீங்கதான் ஓட்டச் சொன்னீங்க."

"உங்க ரெண்டு பேருக்கும் ஆகாதுன்னு எல்லாருக்கும் தெரியும். அவளுக்குப் போய்ப் பரிஞ்சு பேசுறே!"

"ஆகாதுதான். அவளைப் பார்த்தா எனக்குப் பத்திக்கிட்டுத்தான் வருது. அதை நாங்க வீட்டுல வெச்சுக்குவோம். ஹெல்பர் மெஷினைத் தொடக்கூடாதுன்னீங்கல்ல? நானும் ஹெல்பர்தான். இதோ, கையை எடுத்துட்டேன்."

அவள் சுவிட்சை அணைக்க, உருளை முனகி நின்றது.

"அட, நானும் ஹெல்பர்தானே!" என்று வாயாடி பிழியும் மெஷினை நிறுத்தினாள். துவைக்கும் பக்கமும் ஒவ்வொன்றாக அடங்கியது. அந்தக் கூடத்தில் முதல்முறையாகக் குழாய் சொட்டும் சத்தம் கேட்டது.

"நாளைக்கே வேற ஆளைக் கொண்டு வர்றேன்!"

"கொண்டு வாங்க. அவங்களை என்னன்னு கூப்பிடுவீங்க?" என்றாள் மூத்தவள்.

அடுத்த வேளைச் சோற்றுக்கு என்ன வழி என்று பெண்களுக்குத் தெரியவில்லை. பாதிப் பேர் வாசலை மறித்து உட்கார்ந்தார்கள். மற்றவர்கள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள்.

"அவகிட்ட இதைச் சொன்னா எப்படிச் சந்தோஷப்படுவா!" என்றாள் வாயாடி.

மூத்தவளுக்குச் சுருக்கென்றது. "அவ என் ஓரகத்தி. நான்தான் முதல்ல சொல்லுவேன். எவளாவது முந்தினீங்க, தெரியும் சேதி!" என்று எல்லாரையும் தள்ளிக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள்.