மங்கம்மாளுக்குக் கண் தெரியாமல் போன நாள்

சடையனுக்குக் கால் உடைந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் மங்கம்மாள் முதலில் சந்தோஷப்பட்டாள். பொய் சொல்வானேன்? அதற்கு முந்தின வருஷம் வழிதவறி வந்த அவள் ஆட்டைப் பிடித்து, நாள் முழுக்க வெயிலில் கட்டிப்போட்டவன் அவன். புதூர்நாட்டுப் பக்கம் அந்த மனுஷன் வாயில் விழாத வீடே கிடையாது. யார் அறுப்புக்கும் போகமாட்டான். தன் அறுப்புக்கும் யாரையும் கூப்பிடமாட்டான்.

அந்தச் சந்தோஷம் மூன்று நாளுக்குமேல் தாங்கவில்லை. நான்காம் நாள் காலை தன் காட்டில் சாமை அறுத்துக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து வரப்புக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். சடையன் காட்டில் கதிர் முற்றித் தலைசாய்ந்து நின்றது. கிழக்கே மேகம் கூடிக்கொண்டிருந்தது. ஒரு மழை அடித்தால் போதும், மணி அத்தனையும் உதிர்ந்து மண்ணோடு போகும். அந்த வீட்டுக்கு வருஷம் முழுவதற்கும் சோறும் விதையும் அதுதான். சடையனின் தாயில்லாத பெண் பூஜா, காலேஜுக்கு லீவு போட்டுவிட்டு வந்து, ஒரு மூலையில் தன்னந்தனியாக அறுத்துக்கொண்டிருந்தாள். அரிவாள் பிடிக்கத் தெரியாத கை.

போய் ஒரு கை கொடுக்க வேண்டியதுதானே என்பீர்கள். அங்கேதான் சிக்கல். அந்த ஊரில் அறுப்பு வைத்திருப்பவன் முதல்நாளே வீடு வீடாக வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட வேண்டும். கூப்பிடாமல் ஒருவன் காட்டில் அரிவாளோடு இறங்கினால், ‘உனக்குத் துப்பில்லை’ என்று அவன் முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. சடையன் வெற்றிலை வைப்பவனா? உயிரே போனாலும் மாட்டான்.

“இன்னா பராக்குப் பாக்கற? நம்ம வேல கெடக்குது” என்றான் புருஷன் ரங்கன்.

“அந்தப் பொண்ணப் பாருய்யா.”

“பாத்தேன். வெத்தல வந்துச்சா? வர்ல. அவ்ளோதான்.”

மங்கம்மாள் குனிந்து அறுத்துக்கொண்டே போனாள். வரப்புக்கல் வந்தது. அவள் நிற்கவில்லை.

“ஏய், வரப்பத் தாண்டிட்ட!”

“எங்க? எனுக்கு ஒண்ணும் தெர்லயே.”

“அம்மாம் பெரிய கல்லு நிக்குது, தெர்லயா?”

“கண்ணு மங்கிடுச்சுய்யா.”

எதிர்மலையில் மேய்வது யார் வீட்டு மாடு என்று இங்கிருந்தே சொல்லிவிடும் கண்கள் அவை. ரங்கன் வாயைப் பிளந்து நின்றான். அப்புறம் தலையைச் சொறிந்தான். “எனுக்கும் காலையிலேர்ந்து ஒரு மாதிரியாத்தான் கீது” என்று முனகியபடி அவனும் வரப்பைத் தாண்டினான்.

ஊருக்கு ஆள் ஏற்றிப்போகும் பூபாலன் ரோட்டில் ஜீப்பை நிறுத்தினான். “இன்னாக்கா, இது சடையன் காடாச்சே?”

“அப்டியா? தெர்லயேப்பா.”

பூபாலன் ஒரு நிமிஷம் யோசித்தான். பிறகு ஜீப்பில் இருந்தவர்களைப் பார்த்து, “எல்லாம் எறங்குங்க! ஒரே பனிமூட்டம், ரோடே தெர்ல!” என்றான். பளீரென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பகலுக்குள் முப்பது பேருக்குப் பார்வை போய்விட்டது. கண்ணாடி போட்டவர்கள் அதைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டு அறுத்தார்கள். சிரிப்பும் கேலியுமாகக் காடு அமர்க்களப்பட்டது.

அப்போதுதான் சடையன் கோலை ஊன்றிக்கொண்டு வந்து நின்றான்.

“யார் கூப்ட்டது உங்கள?”

சிரிப்பு நின்றது. பூஜாவின் முகம் வெளுத்தது. மங்கம்மாள் முன்னால் வந்தாள். இவன் ஒரு வார்த்தை தப்பாகப் பேசினால் எல்லாரும் அரிவாளைச் செருகிக்கொண்டு போய்விடுவார்கள்.

“யாரும் கூப்புடலீங்கண்ணா. எங்க காடுன்னு நெனச்சுட்டோம். தப்பாயிடுச்சு. அறுத்தத உங்க களத்துலயே போட்டுட்டுப் போய்டறோம்.”

சடையன் அவளையே பார்த்தான்.

“குடுக்கறதுக்கு ஒரு வெத்தலகூட வூட்டுல இல்லியேம்மா” என்றான். அதற்குமேல் அவனால் முடியவில்லை, நின்ற இடத்திலேயே அழுதுவிட்டான். மங்கம்மாளும் அழுதாள். எதற்கென்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது, ஆனால் சுகமான அழுகை. கடைசிக் கட்டு கூரைக்குள் போனதும் மழை பிடித்துக்கொண்டது.

அதன்பிறகு அந்த ஊருக்கு அறுப்பு வந்தாலே கண்நோயும் வந்துவிடும். யார் வீட்டில் ஆள் இல்லையோ, யார் படுத்த படுக்கையோ, அவர்கள் காட்டின் வரப்பு மட்டும் யார் கண்ணுக்கும் தெரியாது. கூப்பிட வேண்டியதில்லை, கூசவும் வேண்டியதில்லை.

இந்த வருஷம் அறுப்பு நேரத்தில் மங்கம்மாள் காய்ச்சலில் விழுந்தாள். ரங்கன் ஒருத்தனால் ஆகிற காரியமா என்று கவலையோடு படுத்திருந்தவளுக்கு, வெளியே சரக் சரக்கென்று சத்தம் கேட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவள் காட்டில் நாற்பது பேர். முதல் ஆளாகக் காலை இழுத்து இழுத்து அறுத்துக்கொண்டிருந்தான் சடையன்.

“அண்ணா, அது எங்க காடு!”

“அப்டியாம்மா? எனுக்கு வரப்பே தெர்ல.”

வரப்போரம் பலாமர நிழலில் அவளுடைய ஆடு கட்டியிருந்தது. அதன் முன்னால் ஒரு கட்டுத் தழை போட்டிருந்தது.