அல்மரிந்தா என்றால் என்ன

சவப்பெட்டியில் கிடத்தியிருந்த அக்காவின் காலர் பொத்தானை டோர்கஸ் மாட்டிக்கொண்டிருந்தபோது, பின்னால் கிளேட்டன் பாதிரியாரிடம் கதை அளந்துகொண்டிருந்தான்.

"அல்மரிந்தாங்கிறது போர்த்துகீசிய இளவரசி பேருங்க ஐயா. எங்க தாத்தா அவங்களைக் கடல்ல இருந்து காப்பாத்தினார். அந்த நினைவா அம்மாவுக்கு வெச்சது. பிரசங்கத்துல மறக்காம சொல்லிடுங்க."

கிளேட்டன் அக்கா மகன். டொரான்டோவிலிருந்து வந்தவன். அவன் ஷூவில் முகம் பார்த்துச் சவரம் செய்யலாம். இந்த நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் கடற்கரைச் சேற்றில் அதைக் காப்பாற்றுவதற்கே அவனுக்குப் பாதி நாள் போனது.

"இளவரசியா?" என்றாள் டோர்கஸ், திரும்பாமலே. "அவ கிரீடத்தை எங்கடா வெச்சீங்க, மீன் பீப்பாயிலயா?"

அடுப்படியில் தேநீரோடு நின்ற பக்கத்து வீட்டு சைலஸ் புரையேறி இருமினான்.

"சித்தி, அம்மாவே சொன்னதுதான்."

"உங்கம்மா ஊருக்கெல்லாம் சொன்னா. அந்தப் பேரைச் சொல்லும்போது அவ மூக்கு ஏறுற உயரத்துல கடல்காக்கா கூடு கட்டும்."

பாதிரியார் தொண்டையைச் செருமினார். "அப்ப உண்மையில அதுக்கு என்னம்மா அர்த்தம்?"

"வெங்காயம்."

துறைமுகமே அறிந்த கதைதான். இங்கே பாறையில் ஒரு கப்பல் உடைந்தால் அந்த வருஷம் பிறக்கும் முதல் பெண்ணுக்கு அதன் பெயர். அல்மரிந்தா ஒரு மீன்பிடிக் கப்பல். அப்பா சின்னப் படகில் நாலு தரம் போய் ஏழு பேரைக் கரை சேர்த்தார். பனி அவருடைய இரண்டு விரல்களைத் தின்றது. கப்பலில் இருந்த வெங்காய மூட்டைகள் கரை ஒதுங்கின. பஞ்சம் பிடித்த அந்தக் குளிர்காலம் முழுக்க ஊரே அதைத்தான் தின்றது. அதைத் தின்றுதான் அம்மா அக்காவைப் பெற்றாள். நாய்கள்கூட வெங்காய ஏப்பம் விட்டன.

"ஏழு மாலுமிங்களை விட்டுட்டு, இல்லாத இளவரசியைக் கரையேத்துறானாம்! எங்கப்பா விரலை அவளா தின்னா?"

"இன்னிக்கு ஒருநாள் விடுங்களேன் சித்தி. வெங்காயம்னா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். கப்பல் பேர்ப்பலகை கோழிக்கூண்டுல கெடக்கு. எச்சத்தோட தூக்கிட்டு வந்து உன் இளவரசி தலைமாட்டுல சாத்துறேன், பாரு."

சுத்தியலோடு போனாள். அக்காவின் கோழிக்கூண்டுக்குள் அவள் நுழைந்து எத்தனையோ வருஷமாயிற்று. குனிந்து, ஒரு கோழியை வைதபடி காலால் ஒதுக்கிவிட்டு, பின்சுவரில் அறைந்திருந்த பலகையைத் தேடினாள்.

பலகையில் ஒரு பொட்டு எச்சமில்லை. எழுத்துகள் பளிச்சென்று வெள்ளையாக நின்றன. அடுக்கடுக்காகப் பூசிப் பூசி அவை மரத்தைவிட்டு மேலெழும்பித் தடித்திருந்தன. கீழே ஒரு வெள்ளைப் பெயின்ட் டப்பா, மீன் எண்ணெயில் ஊறும் தூரிகை, முழங்காலுக்கு மடித்துப் போட்ட சாக்கு. எழுத்தைக் கட்டைவிரலால் தொட்டாள். ஈரம் இன்னும் காயவில்லை. முந்தாநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவதற்கு முன்னால் அக்கா கடைசியாக வந்துபோனது இங்கேதான் என்று சைலஸ் சொன்னது நினைவு வந்தது. முட்டை எடுக்க என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

சுத்தியலை அங்கேயே வைத்துவிட்டு வந்தாள்.

"பலகை எங்க சித்தி?" என்றான் கிளேட்டன், பதறி.

"ஆணி வரல."

பாதிரியார் தயங்கினார். "நான் என்ன சொல்லட்டும்?"

"வெங்காயம்னு சொல்லுங்க. ஏழு பேரையும் சொல்லுங்க." பெட்டியின் மேல் குனிந்தாள். "இவளுக்கும் எல்லாம் தெரியும், திமிர் பிடிச்சவளுக்கு."

காலரை இன்னொரு தரம் இழுத்துச் சரிசெய்தாள். நீலத் துணியில் வெள்ளையாக ஒரு கட்டைவிரல் ரேகை பதிந்தது. கிளேட்டன் கைக்குட்டையை எடுத்தான். டோர்கஸ் பெட்டியின் மூடியை இறக்கினாள்.